‘2014 புது முகம்’ விட்ஸுக்கு ஒன்பது இலட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கிளிநொச்சியில் இருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். ஓய்வுபெறும்போது கிடைக்கும் பணிக்கொடையில் பழைய டொயோட்டா விட்ஸ் ஒன்று வாங்க எண்ணியிருக்கிறார். இரண்டு கார்களைப் பார்த்துவிட்டார். முதலாவது 2013 தயாரிப்பு, பழைய முகம். இரண்டாவது 2014 தயாரிப்பு, 2015 பதிவு, புது முகம். இரண்டுமே ஆயிரம் சிசி. “2014க்குப் பிறகு வந்த விட்ஸ் முற்றிலும் வேறு கார், இதில் சேஃப்டியும் இருக்கிறது” என்று சொல்லி, இரண்டாவதற்குத் தரகர் ஒன்பது இலட்சம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா, தரகர் சொல்வது உண்மையா என்பதே கேள்வி.

முதலில் நேரான பதில்: அந்த ஒன்பது இலட்சத்தைக் கொடுக்க வேண்டாம். ஆயிரம் சிசியைப் பொறுத்தவரை 2014இல் வந்தது வேறு கார் இல்லை. 2014இல் தயாரான விட்ஸில், விளம்பரங்களில் ‘சேஃப்டி’ என்று சொல்லப்படும் மோதல் தடுப்பு வசதி தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கவே முடியாது, ஏனென்றால் டொயோட்டா அந்த வசதியை விட்ஸில் சேர்த்தது 2015 ஜூனில்தான். ஆகவே பதிவுச் சான்றிதழில் தயாரிப்பு ஆண்டு 2014 என்று இருந்தால், அந்தத் தரகர் இல்லாத ஒன்றுக்கு விலை சொல்கிறார். அவர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பது உங்களுக்கு முக்கியமில்லை.

இது ஏன் இப்படி என்று விளங்கிக்கொள்ள, இந்தக் காரின் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்திருந்தால் போதும். விட்ஸ் ஜப்பானில் 1999 ஜனவரியில் வந்தது. மற்ற நாடுகள் பலவற்றில் அதற்கு யாரிஸ் என்று பெயர். அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருதையும் பெற்றது. அதில் வேகமானி ஓட்டுநருக்கு நேரே இல்லாமல் நடுவில் இருந்தது. இரண்டாம் தலைமுறை 2005இல் வந்தபோது, ஆயிரம் சிசி வகைக்கு டைஹட்சு உருவாக்கிய 996 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். மூன்றாம் தலைமுறை 2010 டிசம்பரில் வந்தது. நீங்கள் பார்த்த இரண்டு கார்களும் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. முன்கண்ணாடியில் ஒரே ஒரு வைப்பர் இருக்கும், வேகமானி ஓட்டுநருக்கு முன்னால் வந்துவிட்டது, இந்த இரண்டையும் வைத்தே இதை அடையாளம் காணலாம்.

மூன்றாம் தலைமுறை 2020 தொடக்கம் வரை, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஓடியது. அதற்குள் மூன்று மாற்றங்கள் வந்தன. 2014 ஏப்ரலில் முன்முகத்தை மாற்றினார்கள். எக்ஸ் வடிவில் வாய் அகன்ற அந்த முகம்தான் தரகர்கள் ‘புது முகம்’ என்பது. அத்தோடு உடலின் பற்றவைப்புப் புள்ளிகளைக் கூட்டி அதை இறுக்கினார்கள், உள்ளலங்காரத்தையும் மேம்படுத்தினார்கள். 1300 சிசி வகைக்குப் புதிய எஞ்சின் வந்தது, ஜப்பானிய சோதனை முறையில் அதற்கு லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்று அறிவித்தார்கள். உண்மையில் பெரிய இயந்திர மாற்றத்தைப் பெற்றது அந்த 1300தான். உங்கள் ஆயிரம் சிசியில் 2005இலிருந்து இருந்த அதே குடும்ப எஞ்சின், சிறு திருத்தங்களோடு, தொடர்ந்தது. இரண்டாவது மாற்றம் 2015 ஜூனில் வந்த பாதுகாப்பு வசதி. மூன்றாவது 2017 ஜனவரியில்: முகம் மறுபடி மாறியது, பின்விளக்குகள் பின்கதவுக்குள்ளும் நீண்டன, 1500 சிசி ஹைபிரிட் வகையும் சேர்ந்தது.

ஜப்பானிய சோதனை அளவைச் சொல்லி எரிபொருள் செலவைக் கணக்கிட்டுக் காட்டும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு ஏ9 வீதியில் ஓடும் காரும் கிளிநொச்சிச் சந்தையில் நின்று நின்று நகரும் காரும் அந்த எண்ணை ஒருபோதும் தருவதில்லை.

இப்போது 2014 என்ற எண்ணைப் பற்றி. கார் வாங்குமுன் பரிசோதிக்க என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் குழம்புவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். புது முகம் விற்பனைக்கு வந்தது 2014 ஏப்ரலில். அப்படியானால் 2014 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் தயாரான விட்ஸ் பழைய முகத்தோடுதான் இருக்கும், அதில் எந்த ஏமாற்றும் இல்லை. பதிவுச் சான்றிதழில் அதற்கும் 2014 என்றே எழுதியிருக்கும். அது ஜப்பானில் ஒருவர் கையில் ஓடி, ஏலத்துக்குப் போய், கப்பலேறி, இங்கே பதிவாகும்போது 2015 அல்லது 2016 ஆகியிருக்கலாம். ஆகவே ‘2014 தயாரிப்பு, 2016 பதிவு, பழைய முகம்’ என்ற கார் உங்கள் முன்னால் வந்தால், அது முழுக்க நேர்மையான காராக இருக்க இடமுண்டு. ஒருமுறை நல்ல கார் ஒன்றை, “2016 என்கிறார்கள், முகம் பழையதாக இருக்கிறது, எனவே ஏதோ மோசடி” என்று சொல்லி ஒருவர் விட்டுவிட்டு வந்தார். பிறகு இரண்டு மாதம் அலைந்து, அதைவிட மோசமான ஒன்றை அதிக விலைக்கு வாங்கினார். பழைய முகம் 2014இல் இருக்கலாம். ஆனால் இதன் மறுதலை நடக்காது: 2013 தயாரிப்பில், 2012 தயாரிப்பில் புது முகம் இருக்க முடியாது. அப்படி இருந்தால் அந்த முகம் இங்கேதான் மாட்டப்பட்டிருக்கிறது. பதிவு ஆண்டை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். சந்தேகம் தோன்றினால் தயாரிப்பு மாதத்தையும் தேடுங்கள்.

சான்றிதழில் ஆண்டு மட்டும் எழுதப்பட்டிருக்கும், மாதம் இருக்காது. ஒரு மாத இடைவெளியில் காரின் முகமே மாறுகிறது என்று தெரிந்தும், இலட்சக்கணக்கான பணம் கைமாறும் ஓர் ஆவணத்தில் அந்த ஒரு விவரத்தைச் சேர்க்க இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் மனம் வரவில்லை. பெட்டி ஒன்றைக் கூடுதலாக அச்சிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதைச் செய்யாததால், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டிய தகவலை அறிய, மக்கள் என்னைப் போன்றவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மாதத்தை அறிய வேறு வழிகள் உண்டு. இருக்கைப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்தால் அதன் அடியில் வெள்ளைச் சீட்டு ஒன்று தைத்திருக்கும், அதில் அந்தப் பட்டி தயாரான காலம் அச்சிடப்பட்டிருக்கும். பட்டி, கார் முழுமை பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னால் தயாராகும். எனவே பட்டியில் 2012 என்றும், விளம்பரத்தில் 2014 என்றும் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். கதவுக் கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரைகளையும் ஒப்பிடுங்கள். எல்லாக் கண்ணாடிகளும் ஒரே மாதிரி முத்திரையோடு இருக்க, ஒன்று மட்டும் வேறாக இருந்தால், அந்தக் கதவுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். சேசிஸ் இலக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு வந்தால், ஜப்பானிய உதிரிப்பாகப் பட்டியல்களில் தேடித் தயாரிப்பு மாதத்தையும் தரத்தையும் பார்க்கலாம். உங்கள் காரின் இலக்கம் கேஎஸ்பி130 என்று தொடங்கும். அந்த முன்னெழுத்துகள் ஆயிரம் சிசி எஞ்சினைக் குறிப்பவை. என்எஸ்பி என்றால் 1300, என்எச்பி என்றால் ஹைபிரிட்.

முகம் மாற்றும் வேலை பற்றி நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்லுவேன். விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய பழைய முக விட்ஸை வாங்கி, புது முகத்துக்குரிய பம்பரும் ஹெட்லைட்டும் கிறிலும் மாட்டி, ‘2014 புது முகம்’ என்று விற்கிறார்கள். அப்படிச் செய்பவருக்கு இரட்டை இலாபம்: விபத்தும் மறைகிறது, விலையும் ஏறுகிறது. கடந்த ஆண்டு பரிசோதனைக்கு வந்த வெள்ளை விட்ஸ் ஒன்று நினைவில் நிற்கிறது. வெளியே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. பொனட்டைத் திறந்து, அதை உடலோடு பிணைக்கும் போல்ட் தலைகளைப் பார்த்தேன். தொழிற்சாலையில் பொனட்டை மாட்டிய பிறகுதான் வண்ணம் அடிப்பார்கள் என்பதால் போல்ட் தலையிலும் அதே வண்ணம் உடையாமல் இருக்க வேண்டும். இந்தக் காரில் இரண்டு போல்ட்டுகளில் வண்ணம் உரிந்து, ஸ்பானர் பிடித்த தடம் தெரிந்தது. இடதுபக்க மட்காட்டுக்கும் பம்பருக்கும் இடையே என் விரல் நகம் நுழைந்தது, வலதுபக்கத்தில் நுழையவில்லை. ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் தொழிற்சாலையின் வட்டப் பற்றவைப்புப் புள்ளிகளுக்குப் பதிலாக, கராஜில் இழுத்த மேடுபள்ளமான தையல். இருக்கைப் பட்டியில் 2012. வாங்க வந்த இளைஞர் அதற்குள் முற்பணம் கொடுத்திருந்தார், அதில் பாதியைத்தான் திரும்பப் பெற முடிந்தது. பரிசோதனைக்கு முன்னால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இனி ‘சேஃப்டி’. 2015 ஜூனுக்குப் பிறகு வந்த, அந்த வசதி உள்ள விட்ஸில், முன்கண்ணாடியின் உட்புறம், நடுக்கண்ணாடிக்குப் பின்னால், கெமராவும் லேசர் உணர்கருவியும் அடங்கிய கறுப்புக் கூடு ஒன்று கண்ணாடியோடு ஒட்டினாற்போல் இருக்கும். முன்னால் போகும் வாகனத்தோடு மோதப் போகிறது என்று தெரிந்தால் அது எச்சரித்துப் பிரேக் பிடிக்கும், கோட்டைத் தாண்டினால் ஒலி எழுப்பும், ஹெட்லைட்டின் உயர்ஒளியைத் தானே தாழ்த்தும். வீதியில் நடப்பவரை அந்த முதல் அமைப்பு அடையாளம் காணாது என்பதையும் அறிந்திருங்கள். முன்கண்ணாடி உடைந்து, மலிவான கண்ணாடியைப் போட்டு, கெமராவைச் சரிப்படுத்தாமல் விட்ட கார்களில் கூடு இருக்கும், வேலை செய்யாது. காரை இயக்கியதும் அதற்குரிய எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்த இரண்டாவது காரில் இந்தக் கூடு இருக்கிறதா என்று எழுதவில்லை. பெரும்பாலும் அங்கே பயணத்தைப் படம்பிடிக்கும் டாஷ் கெமரா ஒன்றுதான் ஒட்டியிருக்கும்.

ஓடிய தூரம், ஏலத் தரம் ஆகியவற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானில் ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு காருக்கும் பரிசோதகர் ஒரு தாள் எழுதுவார், இங்கே எல்லோரும் ஒக்‌ஷன் ஷீற் என்று சொல்வது அதைத்தான். 4, 4.5 என்று மொத்தத் தரமும், உள்ளே ஏ, பி, சி என்று தரமும், உடலின் படத்தில் கீறலுக்கும் நசுங்கலுக்கும் குறிகளும் இருக்கும். ஆர் என்ற எழுத்து இருந்தால் விபத்துக்குப் பின் திருத்திய கார் என்று பொருள். பிரச்சினை என்னவென்றால், விற்பனையாளர் காட்டுவது பெரும்பாலும் தொலைபேசியில் உள்ள படம், அதில் ஒரு எழுத்தை அழித்து இன்னொன்றை எழுத ஐந்து நிமிடம் போதும். ஏலத்தாளையும் கார் இறங்கிய நாளில் இருந்த கிலோமீற்றரையும் பதிவுக் கோப்போடு கட்டாயமாகச் சேர்த்து வைத்து, பின்னர் வாங்குபவர் எவரும் பார்க்கும்படி செய்திருந்தால், இந்த நாட்டில் மீற்றரைப் பின்னால் திருப்பும் தொழிலே இருந்திருக்காது. ஒவ்வோர் ஆண்டும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குக் காரைக் கொண்டுபோகிறோம், காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டுகிறோம். ஆனால் அடுத்து வாங்குபவர் பார்க்கக்கூடிய கிலோமீற்றர் வரலாறு எதுவும் மிஞ்சுவதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இந்த நிலையில் நீங்கள் செய்யக்கூடியது, மீற்றரை நம்பாமல் காரைப் பார்ப்பது. ஐம்பதாயிரம் கிலோமீற்றர் ஓடியதாகச் சொல்லப்படும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் ஒருபக்கம் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கக் கூடாது. ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்க ஓரம் அமுங்கியிருக்கக் கூடாது. சேவை செய்த பற்றுச்சீட்டுகள் இருந்தால் தேதிவாரியாக அடுக்கி, தூரம் தொடர்ந்து ஏறுகிறதா என்று பாருங்கள்.

காரைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கப் போங்கள். நீங்கள் போவதற்கு முன்பே காரைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சின் என்பதால் நிற்கும்போது மெல்லிய அதிர்வு இருப்பது இயல்பு. ஆனால் குளிரூட்டியைப் போட்டதும் ஸ்டியரிங்கும் கதவும் சேர்ந்து நடுங்கினால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் போய்விட்டன என்று கொள்ளலாம். கியர்பெட்டி சிவிடி வகை. அதில் படிப்படியாக கியர் மாறும் குலுக்கல் இருக்காது. மெதுவாகப் புறப்படும்போது உதறினாலோ, எஞ்சின் சத்தம் ஏறியும் கார் பின்தங்கினாலோ அந்தக் காரை விட்டுவிடுங்கள். சிவிடிக்கென்று தனி எண்ணெய் உண்டு. சாதாரண ஓட்டோ கியர் எண்ணெயை ஊற்றிக் கெடுத்த பெட்டிகளை நான் எண்ணிக்கை தெரியாத அளவுக்குப் பார்த்திருக்கிறேன், அதைச் சரிசெய்யும் செலவு உங்கள் ஓய்வூதியத்தில் பல மாதங்களை விழுங்கிவிடும். சிக்னலில் எஞ்சின் தானே நின்று தானே இயங்கும் வசதி உள்ள காராக இருந்தால், அதற்குரிய பற்றரி விலை கூடியது. மலிவான பற்றரியைப் போட்டுவிட்டு அந்த வசதியை நிரந்தரமாக நிறுத்திவைத்திருப்பார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் தம்பி சொன்ன 2007 அளவிலான இரண்டாம் தலைமுறை விட்ஸ் விலை குறைவுதான், ஆனால் அதற்கு முன் ஒரு விடயம். டக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகளில் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் உள்ளிருக்கும் இரசாயனம் சிதைந்து, விரியும்போது உலோகத் துண்டுகள் தெறித்து உலகெங்கும் பலர் இறந்தார்கள். டொயோட்டா திரும்பப் பெற்ற கார்களில் விட்ஸும் உண்டு. நம்முடைய வெயிலும் ஈரமும் அந்த இரசாயனத்துக்கு எவ்வளவு கெட்டவை என்று சொல்லத் தேவையில்லை. எந்த விட்ஸை வாங்கினாலும் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து, அந்தக் காற்றுப்பை மாற்றப்பட்டதா என்று முகவரிடம் கேட்டுவிடுங்கள். ஹைபிரிட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை, உங்கள் ஓட்டத்துக்கு அது தேவைப்படாது.

“இப்போதுதான் இறங்கிய விட்ஸ்” என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரை இறக்க முடியாது. விட்ஸ் என்ற பெயரோ 2020இல் ஜப்பானிலும் நின்றுபோய், யாரிஸ் என்றே அழைக்கப்படுகிறது. எனவே இப்போது நாட்டில் இருக்கும் விட்ஸ்தான் இருக்கும் விட்ஸ். தரகர்கள் இத்தனை விலை சொல்வதற்கும் அதுவே காரணம்.

கடைசியாக, ஆவணங்கள். நீங்கள் அனுப்பிய சான்றிதழ்ப் படத்தில் பதிவு உரிமையாளர் ஒருவர், விற்பவர் வேறொருவர். இதைத்தான் ‘ஓபன் பேப்பர்’ என்பார்கள்: முதல் உரிமையாளர் வெற்றுப் படிவங்களில் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட, கார் மூன்று நான்கு கை மாறியும் பெயர் மாறாமலே திரியும். இடையில் அவர் வெளிநாடு போய்விட்டாலோ, இறந்துவிட்டாலோ, அவர் மேல் வழக்கு வந்தாலோ, சிக்கல் உங்கள் வாசலில் வந்து நிற்கும். தரகர் “பிறகு மாற்றிக்கொள்ளலாம், நானே ஆள் வைத்துச் செய்து தருகிறேன்” என்பார். அந்த ‘ஆள்’ என்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்துக்கு நேரே போனால் நாள் முழுவதும் வரிசையில் நிற்க வேண்டியிருப்பதுதான் அந்த ஆட்களை வாழவைக்கிறது. ஆனாலும் நீங்களே போங்கள். பதிவு உரிமையாளரை நேரில் வரச்சொல்லி, அவருடைய தேசிய அடையாள அட்டையைப் பார்த்து, உரிமை மாற்றத்துக்குரிய எம்.ரீ.ஏ. 6, எம்.ரீ.ஏ. 8 படிவங்களில் உங்கள் முன்னாலேயே கையொப்பம் வாங்குங்கள். சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளர் என்று இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் அந்தப் பெயர் நீக்கப்பட்ட சான்றிதழும் வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் நிலையில் நான் முதலில் பார்ப்பது அந்த 2013 பழைய முகக் காரைத்தான். அதன் உரிமையாளரே விற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரே உரிமையாளர், சேவைச் சீட்டுகளும் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலையில் இருக்கைப் பட்டி, போல்ட் தலைகள், குளிர்ந்த எஞ்சின் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம், குளிரூட்டியோடு, நெரிசலிலும் திறந்த வீதியிலும் ஓட்டிப் பாருங்கள். அது தேறினால், தரகர் கேட்ட ஒன்பது இலட்சத்தில் ஒரு பகுதியைக் கொண்டு நான்கு ரயர்களையும் சிவிடி எண்ணெயையும் பற்றரியையும் மாற்றலாம். தேறாவிட்டால், இரண்டாவது காரின் சேசிஸ் இலக்கத்தையும் இருக்கைப் பட்டிச் சீட்டின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.